காற்றுக்கு அம்புக்குறி போடுகிறவள்

கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகிற எதையும் கம்ப்யூட்டர் திரையில் ஓடவிட்டுக் காட்டுவதுதான் என் தொழில். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டதும் ரசம் வரும்வரை விளக்கி, மோர் வந்த பிறகும் புரியவைக்க முடியாமல் கையலம்பப் போனவர்கள் உங்களில் இருந்தால், நீங்கள் என் இனம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் இருக்கிற அறை முழுவதும் நெருக்கமாகப் புள்ளிகள் வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் ஓர் அம்பு. அம்பு காட்டுவது அந்த இடத்தில் காற்று போகிற திசை. அம்பின் நீளம் அதன் வேகம். அத்தனை அம்புகளையும் ஒன்றாகத் திரையில் போட்டால் முள்ளம்பன்றி மாதிரிதான் தெரியும், ஒன்றும் விளங்காது. எங்கள் சாஃப்ட்வேரில் நீங்கள் ஏதாவது ஒரு புள்ளியைத் தொட்டால் போதும். அந்த இடத்தில் ஒரு தூசியை விட்டால் அது எந்த வழியாகப் போய் எங்கே சேரும் என்று ஒரு கோடு ஓடும். அப்படித் தொட்டுவைப்பதற்கு எங்கள் தொழிலில் விதை போடுவது என்று பெயர். விதை போடலாம், மவுஸைப் பிடித்து எல்லாப் பக்கமும் திருப்பலாம், வெட்டிப் பார்க்கலாம், உள்ளே நுழைந்தும் பார்க்கலாம்.

இந்தச் சாஃப்ட்வேரை எழுதியவர் சிவராஜ். பீளமேட்டில் ஒரு வீட்டு மாடிதான் எங்கள் ஆபீஸ். அவர் அதிகம் பேசமாட்டார், அதனால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கோயமுத்தூரைச் சுற்றியிருக்கிற ஊர்களுக்கெல்லாம் போய்ப் பேசுகிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

பம்புக்கு உள்ளே

நான் முதன்முதலில் போனது கணபதிப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனிக்கு. முதலாளி ரங்கசாமி நாயுடு. அப்பா ஆரம்பித்த தொழில். ஸ்கூல் விட்டதும் பட்டறைக்கு வந்து மணல் அள்ளி வளர்ந்தவர். அவர் புதிதாக ஒரு பம்ப் செய்திருந்தார். முழு வேகத்தில் ஓடினால் ஒரு குறையும் இல்லை. வால்வைக் கொஞ்சம் மூடினால் மட்டும் உறுமல் எடுத்து, நட்டு போல்ட்டெல்லாம் கழன்றுவிடுகிற மாதிரி ஆடியது. பேரிங்கை மாற்றினார். வார்ப்பு சரியில்லை என்று வேறு பட்டறையில் வார்த்துப் பார்த்தார். அதிலே ஃபோர்மேனுக்கும் அவருக்கும் மனஸ்தாபமாகி, இருவரும் ஒரே ஷெட்டில் நின்றுகொண்டு மூன்றாவது ஆள் மூலமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஊர் ஊராகப் போன பம்புகள் திரும்பி வந்து வாசலில் அடுக்கியிருந்தன.

பம்பின் அளவுகளை வாங்கி, தண்ணீர் ஓட்டத்தைக் கணக்கிட்டு எடுத்துப் போயிருந்தேன். திரையில் பம்பின் இரும்பு உறையைக் கண்ணாடி மாதிரி ஆக்கினேன். உள்ளே சுற்றுகிற இறக்கைச் சக்கரம் தெரிந்தது. தண்ணீர் நுழைகிற வாயில் ஒரு கொத்து விதைகளைப் போட்டேன். நீலக் கோடுகள் கிளம்பி, சக்கரத்தில் ஏறி, சுற்றி, வெளியே வந்தன. முழு வேகத்தில் எல்லாம் ஒழுங்காகப் போயின. வால்வைக் கொஞ்சம் மூடிய நிலையை எடுத்துக் காட்டினேன். தண்ணீர் வெளியேறுகிற இடத்துக்குப் பக்கத்தில் உறை மூக்கு மாதிரி உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். கோடுகள் அந்த மூக்கில் மோதி, பாதி வெளியே போக, மீதி திரும்பி வந்து சக்கரத்துக்குள்ளேயே நுழைந்தன. சிவப்பாக ஒரு சுழல் எழுந்தது, கலைந்தது, மறுபடி எழுந்தது.

நாயுடு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மவுஸைக் கேட்டு வாங்கினார். மேலே திருப்பினார், கீழே திருப்பினார், சக்கரத்தின் இரண்டு இறக்கைகளுக்கு நடுவில் நுழைந்து நின்றார். தள்ளி நின்றுகொண்டிருந்த ஃபோர்மேனைக் கையசைத்துக் கூப்பிட்டார். அவர் வந்து தோளுக்குப் பின்னால் நின்றார். இருவரும் அந்தச் சிவப்புச் சுழலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அந்த மூக்கைச் செதுக்கி உறுமலை அடக்கினார்கள், இருவரும் நேரடியாகப் பேசிக்கொள்ளவும் ஆரம்பித்தார்கள் என்பதெல்லாம் பின்னால் தெரிந்தது. எனக்கு நினைவில் நிற்பது, அன்றைக்கு மவுஸைத் திருப்பித் தரும்போது நாயுடு சொன்னது:

"எங்கப்பன் காலத்துலருந்து தண்ணிக்கு வழி போட்டுக் குடுத்துட்டு இருக்கறோம் அம்மணி. அது போற வழியை இன்னிக்குத்தானுங்க பாக்கறேன்."

வெள்ளைக் கோடு

வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் கோழிப் பண்ணை வைத்திருக்கிற சரஸ்வதியக்கா எங்களைத் தேடிக்கொண்டு அவராகவே ஆபீசுக்கு வந்தார். நீளமான மூடிய கொட்டகை. ஒரு கோடியில் பெரிய பெரிய விசிறிகள் காற்றை இழுக்கும். மறு கோடியில் ஈரத் தட்டிகள் வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். சித்திரை வெயிலில் கொட்டகையின் நடுப்பகுதியில் மட்டும் கோழிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, மூச்சுமுட்டிச் செத்துக்கொண்டிருந்தன. கால்நடை டாக்டர் அறுத்துப் பார்த்து நோயில்லை என்றார். குஞ்சு கொடுக்கிற கம்பெனிக்காரர்கள் பராமரிப்பு சரியில்லை என்றார்கள். அடுத்த தடவையும் இப்படியே ஆனால் குஞ்சு தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கணவர் இறந்த பிறகு அக்கா தனியாக நின்று கட்டிய கொட்டகை அது. அதைச் சொல்லும்போதும் அவர் குரல் இறங்கவில்லை. முந்தானையால் கழுத்தை மட்டும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சிவராஜ் கொட்டகையின் அளவுகளை வைத்துக் காற்றைக் கணக்கிட்டார். கோழியின் தலை உயரத்தில் ஒரு வெட்டு வெட்டிப் பார்த்தோம். காற்று நேராக வந்துகொண்டிருந்தது. நடுவில், தண்ணீர்த் தொட்டிக்காக உள்ளே தள்ளிக் கட்டியிருந்த ஒரு சுவரைத் தாண்டியதும் வளைந்து திரும்பியது. சுவருக்குப் பின்னால் வில் வடிவத்தில் ஓர் இடம். அங்கே அம்புகள் புள்ளிகளாகச் சுருங்கிக் கிடந்தன. காற்றே இல்லை. அந்த இடத்தின் விளிம்பைச் சிவராஜ் வெள்ளைக் கோடு போட்டுக் குறித்தார்.

அதைக் காட்டுவதற்காக இருவரும் பண்ணைக்குப் போனோம். உச்சி வெயில். அக்கா கதவைத் திறந்தார். அதுவரை நாங்கள் கொட்டகையைக் கோழிகளோடு பார்த்ததில்லை. தரை தெரியாமல் வெள்ளை வெளேரென்று கோழிகள். தொட்டிச் சுவருக்குப் பின்னால் மட்டும் தரை வெறுமையாகத் தெரிந்தது. அங்கே ஒரு கோழிகூட இல்லை. அந்த வெற்றிடத்தைச் சுற்றி அவை நெருக்கியடித்து, ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு நின்றிருந்தன. நின்றிருந்த வரிசை வில்லாக வளைந்திருந்தது. சிவராஜ் லேப்டாப்பைத் திறந்து இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். திரையில் அவர் போட்ட வெள்ளைக் கோடும், திரைக்கு மேலே தெரிந்த கோழிகளின் வரிசையும் ஒரே வளைவு. கணக்குப் போடத் தெரியாத அத்தனை உயிர்களும் எங்கள் கணக்கின்மேல் வந்து நின்றிருந்தன.

தொட்டியை வெளியே மாற்றி, சுவரை இடித்து, காற்று கீழே இறங்குவதற்காகக் கூரையிலிருந்து ஒரு படுதா தொங்கவிட்டார்கள். அடுத்து வந்த குஞ்சுகள் கொட்டகை முழுக்கப் பரவி வளர்ந்தன என்று அக்கா போனில் சொன்னார். அன்றைக்கு அந்தக் கதவோரம் நின்றபோது அவர் சொன்னது வேறு:

"அப்போ கோழிங்களுக்கு இது முன்னாடியே தெரியுமுங்க. நாந்தான் டாக்டரையும் கம்பெனியையும் கேட்டுட்டுத் திரிஞ்சிருக்கறேன்."

ஒரு துளிப் பஞ்சு

எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவிநாசி ரோட்டில் ஒரு நூற்பாலை. அதன் மேனேஜர் சுப்பிரமணியம் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. ஒரு வரிசை இயந்திரங்களில் மட்டும் பறக்கிற பஞ்சு வந்து படிந்து நூல் அறுந்துகொண்டே இருந்தது. முதலாளி எங்களைக் கூப்பிட்டது அவருக்குப் பிடிக்கவில்லை. நான் திரையில் காட்டியதை இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். மேலிருந்து இறங்குகிற காற்று முதல் இரண்டு இயந்திரங்களைத் தாண்டி, தூணில் மோதி, மேலே எழும்பி, உருண்டு, மூன்றாவது இயந்திரத்தின் தலைமேல் இறங்கியது. பொம்மைப் படம் பார்க்க நேரமில்லை என்றார். கம்ப்யூட்டரில் என்ன வேண்டுமானாலும் வரையலாம், அங்கே காற்று அப்படித்தான் போகிறது என்று யார் பார்த்தார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

அவரே பதிலைத் தேடினார். என்னைக் கூட்டிக்கொண்டு ஆலைக்குள் போனார். படத்தில் நான் விதை போட்டிருந்த இடம் எது என்று கேட்டுக்கொண்டு அங்கே போய் நின்றார். ஒரு துளிப் பஞ்சைக் கிள்ளி, இழை இழையாக உதறி, கையை உயர்த்தி விட்டார். இயந்திரங்களின் இரைச்சலில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. பஞ்சு மெதுவாக நகர்ந்தது. முதல் இயந்திரத்தைத் தாண்டியது. இரண்டாவதைத் தாண்டியது. நான் உள்ளூர மருதமலை முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். தூணுக்குப் பக்கத்தில் போனதும் யாரோ தூக்கிவிட்ட மாதிரி எழும்பியது. ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றியது. சாவகாசமாக இறங்கி மூன்றாவது இயந்திரத்தின் தலையில் உட்கார்ந்தது.

மேனேஜர் இன்னொரு துளி கிள்ளி விட்டார். அதுவும் அதே வழியில் போய் அதே இடத்தில் உட்கார்ந்தது. வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் இரண்டு பேர் நின்று அவரையும் பஞ்சையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர் என் காதருகில் குனிந்து, அந்த இரைச்சலுக்கு மேலே கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"உங்க படத்தைப் பாத்துப்போட்டு வந்துதான் காத்து இப்படிப் போகுதுங்களா?"

இரட்டையர்

திருப்பூரில் சாயப் பட்டறை வைத்திருக்கும் ஒருவருக்குக் கலவைத் தொட்டியைக் காட்டினேன். சாயம் சரியாகக் கலக்காமல் துணியில் திட்டுத் திட்டாக விழுகிறது என்பது அவருடைய கஷ்டம். தொட்டிக்குள் சாயத் தண்ணீர் சுற்றுகிற விதத்தைக் காட்டும்போது, பழக்கத்தில், இரண்டு விதைகளை ஒட்டி ஒட்டிப் போட்டேன். ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள். இடையில் தலைமயிர் நுழையாது. இரண்டு கோடுகளும் ஒன்றாகவே கிளம்பின. ஒன்றாகவே கலக்கியைச் சுற்றின. பார்ப்பதற்கு ஒரே கோடு மாதிரி இருந்தது. அப்புறம் ஓரிடத்தில், எந்த இடம் என்று விரல் வைத்துச் சொல்ல முடியாத ஓரிடத்தில், விலக ஆரம்பித்தன. கொஞ்ச நேரத்தில் சிவப்பு தொட்டியின் அடியில் கிடந்தது, மஞ்சள் மேல்விளிம்பில் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒரு தண்ணீருக்குள், ஒரே சுழற்சியில், தொட்டுக்கொண்டு கிளம்பிய இரண்டும் எதனால் பிரிகின்றன என்பதைச் சிவராஜ் கணக்காகச் சொல்வார். அதைக் கேட்ட பிறகும் வியப்புக் குறையாது. பட்டறைக்காரர் சாயத்தை மறந்துவிட்டார். மறுபடி ஓட்டச் சொன்னார். மறுபடியும். அவருக்கு இரட்டைப் பிள்ளைகள் என்பதும், ஒருவன் அவரோடு பட்டறையில் இருக்கிறான், மற்றவன் வீட்டோடு பேச்சை முறித்துக்கொண்டு எங்கோ போய்விட்டான் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. கோடுகள் பிரிகிற இடம் வரும்போதெல்லாம் திரைக்கு அருகில் குனிந்தவர், நிமிராமலே சொன்னார்:

"எங்கன்னு பாத்துச் சொல்ல முடியலீங்களே. என்ற பசங்க விசயத்துலயும் எனக்கு இதேதானுங்க."

பாலக்காட்டுக் காற்று

ஒரு கல்லூரிக் கண்காட்சியில் எங்களுக்கும் ஒரு இடம் கொடுத்திருந்தார்கள். சிவராஜ் பெரிய திரையில் கொங்கு நாட்டையே கொண்டுவந்து வைத்திருந்தார். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் பாலக்காட்டு இடைவெளி. ஆடிக் காற்று அந்த வாசல் வழியாக நுழைந்து, கோயமுத்தூரைத் தாண்டி, பல்லடம், காங்கேயம் என்று விரிந்து போவது ஆயிரக்கணக்கான கோடுகளாக ஓடிக்கொண்டிருந்தது. தினமும் நம் துணிக்கொடியை ஆட்டுகிற காற்று இவ்வளவு பெரிய ஆறு என்று பார்த்தவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

அந்தக் கூட்டத்தில் தமிழ்ச்செல்வி என்று ஒரு பெண். சட்டம் படிக்கிறவள். பிறவியிலேயே கண் பார்வை இல்லை. தோழியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவள், எல்லோரும் ஏன் பேச்சை நிறுத்திவிட்டார்கள் என்று கேட்டாள். கலர் கலராகக் கோடு ஓடுகிறது என்றாள் தோழி. அது போதாமல் என்னைக் கேட்டாள். நான் அவள் கையைப் பிடித்து, உள்ளங்கையில் விரலால் மலைகளை வரைந்து, நடுவில் காற்று நுழைகிற வழியை இழுத்துக் காட்டினேன். என் குரலில் கொஞ்சம் கனிவு கூடிவிட்டது போலிருக்கிறது. அவள் பொறுமையாகக் கேட்டு முடித்தாள். ஆடி மாதத்தில் உக்கடம் குளத்துக் கரையில் நின்றால் எந்தக் கன்னத்தில் காற்று முதலில் படும், பஸ் ஒன்று குறுக்கே போனால் அது எப்படி உடைந்து மறுபடி சேரும் என்று அவள் சொன்னாள். நான் திரும்பித் திரையைப் பார்த்தேன். அவள் சொன்ன திசையில்தான் உக்கடத்தின்மேல் கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. அவளுக்குத் தெரியாத ஒன்றை நான் இன்னும் சொல்லவில்லை. அவள் சிரித்தாள்:

"காத்து யாரு கண்ணுக்கும் தெரியாதில்லீங்க்கா? அப்போ இந்த ஒரு விசயத்துல நீங்களும் நானும் ஒண்ணுதான்."

இனியா

கடைசியாகச் சொல்வதற்கென்று நான் வைத்திருந்தது இது. நகரத்தில் ஒரு பெரிய மருத்துவமனை. அங்கே குழந்தைகளின் இதய ஆபரேஷன் செய்கிற டாக்டரம்மா எங்கள் சாஃப்ட்வேரைப் பயன்படுத்த ஆரம்பித்திருந்தார். ஸ்கேன் இயந்திரம் நெஞ்சுக்குள் இருக்கிற படத்தை மட்டுமல்ல, ரத்தம் எந்த இடத்தில் எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பதையும் எடுத்துத் தரும். ஒரு துடிப்பு முழுவதற்குமான அம்புகள். அதைத் திரையில் கொண்டுவந்து கொடுக்க என்னைக் கூப்பிடுவார்.

பவானியிலிருந்து வந்த குழந்தை இனியா. அப்பா ஜமக்காளக் கடை வைத்திருந்தார். இதயத்தில் ரத்தத்தை இறைக்கிற அறைகள் இரண்டு இருக்க வேண்டும். இனியாவுக்கு ஒன்று வளரவே இல்லை. முன்பே இரண்டு ஆபரேஷன் ஆகியிருந்தது. உதடு நீலம் பாரித்திருக்கும். மாடிப்படி ஏறமுடியாது; அம்மா கோமதி எங்கே போனாலும் இடுப்பில்தான் வைத்திருந்தார். மிச்சமிருந்தது மூன்றாவது ஆபரேஷன். உடம்பின் கீழ்ப்பாதியிலிருந்து வருகிற ரத்தத்தை ஒரு குழாய் வழியாக நேராக நுரையீரலுக்குத் திருப்பிவிட வேண்டும். குழாயை எங்கே, எந்தச் சாய்வில் இணைப்பது என்பதில்தான் எல்லாமே இருந்தது. இரண்டு நுரையீரலுக்கும் ரத்தம் பிரிந்து போக வேண்டும்.

டாக்டரம்மா மூன்று விதமாக இணைத்துக் கணக்கிடச் சொன்னார். முதல் விதத்தில் விதை போட்டேன். கோடுகள் அத்தனையும் இடது பக்கமே திரும்பின. வலது நுரையீரல் காய்ந்து கிடந்தது. இரண்டாவதில், கீழிருந்து வந்த ரத்தமும் தலையிலிருந்து இறங்கிய ரத்தமும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு சுழன்றன. மூன்றாவதில் குழாயைக் கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் வளைத்து வைத்திருந்தார்கள். கோடுகள் வந்தன, தயங்கின, இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் போயின. படம் ஆபரேஷன் செய்யாது, கைதான் செய்ய வேண்டும் என்று டாக்டரம்மா தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரிச் சொன்னார்.

பெற்றோரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அப்பா மூன்று படத்தைப் பற்றியும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். கோமதி எதையும் கேட்கவில்லை. இப்போது இருக்கிற இதயத்தைக் காட்டமுடியுமா என்று மட்டும் என்னிடம் கேட்டார். ஸ்கேனிலிருந்து வந்ததை எடுத்து வைத்தேன். ஒற்றை அறை சுருங்கி விரிய, கோடுகள் மலர்ந்து மலர்ந்து அடங்கின. ஒரு பாதி இல்லாத இதயம், தன்னால் முடிந்ததை விடாமல் செய்துகொண்டிருந்தது. கோமதி ஒரு கையை மடியிலிருந்த இனியாவின் நெஞ்சில் வைத்து, மறு கையைத் திரையில் வைத்தார். "இதை நான் தினமும் தொட்டுத் தொட்டுப் பாக்கறேனுங்க. இப்படியொரு பாடு படுதுன்னு தெரியாது," என்றார். நான் லேப்டாப்பின் விசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நிமிர்ந்தால் அழுதுவிடுவேன்.

ஆபரேஷன் அன்று நான் ஆபீசில்தான் இருந்தேன். வேலை ஓடவில்லை. சிவராஜ் காரணமே இல்லாமல் அந்த மூன்றாவது படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழாய் வைத்தாயிற்று, குழந்தை தாங்கிக்கொண்டாள் என்று சாயங்காலம் தகவல் வந்ததும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகும் இனியா காய்ச்சல், நெஞ்சில் நீர் என்று வெகுநாள் படுத்திருந்தாள். ஒவ்வொன்றாகக் கடந்தாள்.

மாதங்கள் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். நான் போனேன். வரைந்தபடியே அச்சாக வந்துவிடவில்லை. வலது பக்கம் கொஞ்சம் அதிகம் போனது. ஆனால் இரண்டு பக்கமும் போனது. டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இனியா நடந்து உள்ளே வந்தாள். அவள் தன் காலில் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். உதடு எல்லாக் குழந்தைகளுக்கும் இருக்கிற நிறத்தில் இருந்தது. திரையில் ஓடுவது என்ன என்று கேட்டாள். அது அவள்தான் என்று சொன்னேன். நாற்காலியில் ஏறி நின்று, முகம் திரையில் ஒட்டுகிற அளவுக்குக் கிட்டத்தில் போய், கோடுகள் வந்து பிரிந்து போவதையே பார்த்தாள். எங்கள் பக்கம் திரும்பியபோது அவள் முகத்தில் பெரிய நியாயத்தைக் கண்டுபிடித்துவிட்ட களை:

"உள்ளாற இவ்ளோ ஓடுது. நான் வெளிய ஓடுனா மட்டும் அம்மா வெய்யறாங்க."

இந்த வேலைக்கு வந்த பிறகு, டம்ளரில் டீயை ஆற்றும்போதுகூட அதில் சுழலும் அம்புகளும்தான் தெரிகின்றன. பார்த்துக்கொண்டே நின்றதில் சூடாக ஒரு டீ குடித்து வருஷக்கணக்காகிறது.